செட்டிநாட்டு வீட்டுக்குப் பூச்சி மருந்தா, வாயு மூட்டமா? புதிதாகச் சாவி வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டின் சாவி உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். பங்கு பிரித்ததில் வந்திருக்கலாம்; விலைக்கு வாங்கியிருக்கலாம்; கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ விருந்தினர் விடுதி நடத்த வாடகைக்கு எடுத்திருக்கலாம். திறந்த முதல் வாரத்திலேயே நிலைக்கதவின் அடியில் மண்கோடு ஏறியிருப்பது தெரியும். மரப்பெட்டியை நகர்த்தினால் கீழே மாவு கொட்டிக் கிடக்கும். பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களைப் போனில் கேட்டால், ஒருவர் "மருந்து அடித்துவிடலாம்" என்பார், இன்னொருவர் "பியூமிகேஷன் போட்டால்தான் மொத்தமாகத் தீரும்" என்பார். இரண்டாவதற்குச் செலவு அதிகம். அதனாலேயே அது உயர்ந்த வைத்தியம் என்று மனம் நம்பிவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்து வீட்டை முழுதாக வாயுவால் மூடுவது, அதாவது பியூமிகேஷன், பெரும்பாலும் தேவையில்லை, தேவைப்பட்டாலும் முடியாது. வாயு மூட்டம் வீட்டுக்குள் இருக்கும் சில பொருள்களுக்கு ஏற்றது. வீட்டுக்கு வேண்டியது வேறு. எது எதற்கு என்று தீர்மானிக்க, பூச்சி எது, அது எங்கே குடியிருக்கிறது என்ற இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். இவை தெரியாமல் விலைப்பட்டியலை வாங்கி ஒப்பிட்டுப் பயனில்லை.

யாரையும் அழைக்குமுன் நீங்களே பாருங்கள்

நல்ல டார்ச், பழைய ஸ்குரூடிரைவர், ஒரு சாக்குக்கட்டி, நாலைந்து கறுப்புச் சார்ட் தாள்கள். இவை போதும். புதிதாக வருகிறவர்கள் முகப்பிலிருந்து தொடங்குவார்கள், அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்பதால். பூச்சி பின்னாலிருந்து வரும். ஆகவே கிணற்றடி, மூன்றாம் கட்டு, அடுப்படி, இரண்டாம் கட்டு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), பட்டாலை (கூடம்), கடைசியாக முகப்பு என்ற வரிசையில் வாருங்கள். ஓடு நழுவி மழைநீர் இறங்கிய சுவரையும், குழாய் கசியும் மூலையையும், விறகும் பழைய பலகைகளும் சாய்த்து வைத்திருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரிலோ தூணிலோ பென்சில் பருமனில் மண்குழாய் ஓடினால் அது மண்ணிலிருந்து ஏறும் கரையான். குழாயில் இரண்டு விரற்கடை அளவு உடைத்துவிட்டு, உடைத்த இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிடுங்கள். வெள்ளைப் பூச்சிகள் உள்ளே ஊர்ந்தாலோ, சில நாளில் உடைப்பு மறுபடி மண்ணால் மூடப்பட்டாலோ கரையான் இப்போதும் வேலை செய்கிறது. அப்படியே திறந்து கிடந்தால் அந்த வழியை அது கைவிட்டிருக்கலாம். வேறு வழி வைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். நிலை, சட்டம், ரீப்பர் எல்லாவற்றையும் ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். மேலே பாலிஷ் பளபளப்பாக இருக்க, உள்ளே வெற்று ஓசை கேட்டால் கரையான் மரத்தின் தோலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

மண் எதுவும் இல்லாமல் மரத்தில் ஊசித்துளை போல வட்ட ஓட்டைகளும், அடியில் மைதா போல மெல்லிய தூளும் இருந்தால் அது உளுவண்டின் வேலை. தூள் மாவாக இல்லாமல் கசகசா அளவில், கையில் உருட்டினால் நறநறவென்று இருந்தால் உலர்மரக் கரையானாக இருக்கலாம். இந்தக் கரையானுக்கு மண்ணோடு தொடர்பே வேண்டாம்; ஒரு நாற்காலிக் காலுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த மணிகளுக்கு ஆறு பட்டை தெரியும்.

மரத்தில் ஓட்டை இருப்பதாலேயே பூச்சி இருக்கிறது என்று பயந்துவிட வேண்டாம். வண்டு பல ஆண்டுகளுக்கு முன்பே வெளியேறிப் போயிருக்கலாம். இருக்கிற தூளைச் சுத்தமாகத் துடைத்து, அடியில் கறுப்புத் தாளை விரித்து, மூன்று நான்கு வாரம் யாரும் தொடாமல் விடுங்கள். புதிய தூள் விழுந்தால் மட்டுமே வைத்தியம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்கி வந்தாலும் இதே சோதனைதான். சோதனை முடியும்வரை அந்தப் பொருளை மற்ற மரச்சாமான்களோடு சேர்க்காதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த வீடுகளின் பழைய தூண்களும் உத்திரங்களும் பர்மா தேக்கு. தேக்கின் வைரப்பகுதியை உளுவண்டு தொடுவதில்லை. அதற்கு வேண்டியது மாவுச்சத்துள்ள வெளிமரம். ஆகவே தூள் கொட்டும் இடத்தை உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் அது பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட மாமரப் பலகை, ரப்பர் மரச்சட்டம், மூங்கில், பிளைவுட் அலமாரி என்று இருக்கும். ஒரு மாமரப் பலகைக்காக வீட்டையே வாயுவால் நிரப்பச் சொல்கிறவரிடம் அந்தப் பலகையைக் கழற்றி எறிந்தால் என்ன என்று கேளுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு மாலையில் ஈசல் கிளம்பினால் எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனியுங்கள். தோட்டத்துப் புற்றிலிருந்து என்றால் அது இயல்பு. வளவுத் தரையின் இடுக்கிலிருந்தோ நிலையின் வெடிப்பிலிருந்தோ என்றால் கரையான் வீட்டுக்கு அடியிலேயே நிலைத்துவிட்டது.

வாயு என்ன செய்யும், என்ன செய்யாது

சாதாரண மருந்து, தான் பட்ட இடத்தில் வேலை செய்யும். மண்ணில் ஊற்றினால் மண்ணிலும், மரத்தில் ஏற்றினால் மரத்திலும் நின்று, பிறகு வரும் பூச்சியையும் தடுக்கும். வாயு அப்படி இல்லை. மூடிய இடத்துக்குள் எல்லா இடுக்கிலும், மரத்தின் உள்ளேயும் புகுந்து, முட்டை, புழு, வண்டு எல்லாவற்றையும் கொல்லும். திறந்ததும் காற்றோடு போய்விடும். எதையும் மிச்சம் வைக்காது. இன்று வாயு போட்ட கட்டிலில் அடுத்த மாதம் புது வண்டு முட்டையிடத் தடை எதுவும் இல்லை.

கொசுவுக்கு அடிக்கும் புகையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மருந்து கலந்த நுண்துளிகள். பறக்கிற கொசுவுக்கு ஆகும், மரத்துக்குள் ஒரு நூல்கூடப் போகாது. வளவு முழுவதும் வெள்ளைப் புகையைக் கிளப்பிவிட்டு அதைப் பியூமிகேஷன் என்று ரசீதில் எழுதுகிறவர்கள் உண்டு. புகை கண்ணுக்குத் தெரியும். உண்மையான வாயு தெரியாது.

அமெரிக்காவின் புளோரிடா, கலிபோர்னியா பக்கம் வீட்டையே கூடாரத் துணியால் மூடி வாயு ஏற்றுகிறார்கள். அது உலர்மரக் கரையானுக்காக. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்குச் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே பதில் சொல்லிவிடும். நடுவில் வானம் பார்த்த முற்றம். மேலே காற்றுப்போகும் நாட்டு ஓடு. முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும் நீளம். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான தம்பதிக்கும்) ஓர் அறை, அதில் பாதி அறைகளின் சாவி வேறு வேறு ஊரில். கொல்லும் அளவுக்கு வாயுவை நாள் கணக்கில் நிறுத்திவைக்க முடியாத இடம் இது. பூச்சியைக் கொல்லாத அளவு வாயு, பக்கத்து அறையில் உறங்கும் ஆளைக் கொல்லப் போதும் என்பதுதான் இதில் ஆபத்து.

மண்கரையான் என்றால் வாயுவை மறந்துவிடுங்கள்

இங்கே வருகிற புகார்களில் பெரும்பாலானவை இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மரத்தில் நீங்கள் பார்ப்பது இரை தேடி வந்த கூட்டம். அரசியும் முட்டையும் மண்ணுக்குள் இருக்கின்றன. வீட்டுக்குள் வாயு நிரப்பினால் வந்த கூட்டம் சாகும். அடுத்த கூட்டம் அதே வழியில் ஏறும். மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே மருந்துத் தடுப்பு வேண்டும்.

கட்டி முடித்த கட்டடங்களுக்கு இதை எப்படிச் செய்வது என்று இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 6313, மூன்றாம் பகுதி சொல்கிறது. சுவரும் தரையும் சேரும் கோட்டில் சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, அதன் வழியே அடிமண்ணில் மருந்தை இறக்கித் துளையை அடைப்பார்கள். இமிடாகுளோபிரிட், குளோர்பைரிபாஸ் போன்றவை வழக்கமாகப் பயன்படும் மருந்துகள். ஒரு சாதாரண வீட்டில் இதில் சிக்கல் இல்லை. உங்கள் தரை ஆத்தங்குடிக் கல் என்றால் இருக்கிறது. அது சூளையில் சுட்ட ஓடு அன்று. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டு ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகவைத்தது. அதிர்வுத் துளைப்பான் பட்டால் முனை உடைந்துவிடும். அதே பழைய வண்ணத்தில் மாற்றுக் கல் கிடைப்பது அரிது.

எனவே ஒப்பந்தம் பேசும்போதே வரிசை சொல்லிவிடுங்கள். முதலில் வெளிச்சுவரை ஒட்டிய மண்ணில் மருந்து. அடுத்து சிமெண்டுத் தளம் போட்ட பின்கட்டுகளில் துளை. வளவிலும் பட்டாலையிலும் துளை தவிர்க்க முடியாது என்றால் கல்லும் கல்லும் சேரும் இடுக்கில் மட்டும், அதிர்வு இல்லாத சுழல்முறையில், சிறிய துளை. ஒரு மூலையில் இரண்டு துளை போட்டுக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு மீதியை அனுமதியுங்கள். மாற்றுவழி இரைப்பெட்டி: வீட்டைச் சுற்றி மண்ணில் பதிக்கும் பெட்டிகளில், கரையான் தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்து கலந்த இரையை வைப்பார்கள். அது தின்று, கூட்டுக்குக் கொண்டுபோய்ப் பகிரும். மாதக்கணக்கில் ஆகும், அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். ஆனால் தரையைத் தொட வேண்டியதில்லை. அவசரம் இல்லாத, நல்ல தளம் உள்ள வீட்டுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

நிலைகளுக்கும் சட்டங்களுக்கும் மருந்தை ஊசியால் ஏற்றுவார்கள். அதை மண்ணெண்ணெயில் கலந்து ஏற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பளிங்குப் பூச்சுச் சுவரில் அந்த எண்ணெய் ஊறினால் கறை போகாது. சாமி அறையில் விளக்கு எரியும் வீட்டில் அது வேண்டவும் வேண்டாம். தண்ணீரில் கலக்கும் மருந்தைக் கேளுங்கள். புதிதாக மாற்றும் மரம் என்றால், பாலிஷ் போடுமுன் வெறும் மரமாக இருக்கும்போதே போரேட் உப்புக் கரைசல் பூசிவிடலாம். மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். பாலிஷ் போட்ட பிறகு பூசினால் மேலேயே நின்றுவிடும்.

கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முற்றத்து மழைநீரைக் கிணற்றுக்கோ ஊருணிக்கோ வடிகாலில் கொண்டுபோகும் வீடுகள் இங்கே பல. இமிடாகுளோபிரிட் தண்ணீரில் எளிதில் கரைவது. கொசுவுக்கும் கரப்பானுக்கும் தெளிக்கும் பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கு நஞ்சு. வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து காட்டிவிட்டு, அந்தப் பாதையிலும் கிணற்றைச் சுற்றியும் மருந்து இறக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் நனைந்திருக்கும்போது இந்த வேலையே வேண்டாம். தை பிறந்தபிறகு, மண் காய்ந்த காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுக் கசிவு நிற்காத வீட்டில் எந்த மருந்தும் நிற்காது. ஓட்டை மாற்றி அடுக்கும் ஆளைப் பிடித்துவிட்டு, அதன் பிறகு மருந்து ஆளைக் கூப்பிடுங்கள்.

வாயு மூட்டம் எப்போது சரி

உளுவண்டோ உலர்மரக் கரையானோ மரத்துக்குள் பரவியிருக்க வேண்டும். அந்தப் பொருள் கழற்றி எடுத்து வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்: கட்டில், அலமாரி, பெட்டகம், ஊஞ்சல் பலகை, கழற்றி வைத்த கதவு. ஒன்று இரண்டாக இல்லாமல், ஊசி வைத்தியத்துக்குக் கட்டுப்படாத அளவு பல பொருள்கள் இருக்க வேண்டும். இவை மூன்றும் சேர்ந்தால் வாயு மூட்டத்தை நினைக்கலாம். வெளிநாட்டுக்கு மரச்சாமான் அனுப்புகிறவர்களுக்கு வேறு கணக்கு. பெட்டகத்தை அடைக்கும் மரக்கூடுகளுக்கே ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருக்க வேண்டும், அல்லது வாயு வைத்தியம் செய்து முத்திரை இட வேண்டும். அதை ஏற்றுமதி முகவர் பார்த்துக்கொள்வார்.

சரியான முறையில் செய்தால் பொருள்களை மனிதர் வசிக்காத, தனித்து நிற்கும் கொட்டகைக்கோ நிறுவனத்தின் சொந்த அறைக்கோ கொண்டுபோவார்கள். கனத்த பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரத்தில் மணல் நிரப்பிய நீள் பைகளை அடுக்கிக் காற்றுப் போகாமல் அடைப்பார்கள். இந்தியாவில் இதற்கு அதிகம் பயன்படுவது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவை விடும். நம் ஊர் வெப்பத்திலும் ஐந்து முதல் ஏழு நாள் வரை மூடியிருக்க வேண்டும். முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். "காலையில் போட்டுச் சாயங்காலம் எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மீதைல் புரோமைடு ஒரு நாளில் வேலையை முடிக்கும். ஆனால் அது ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்பதால் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் ஒதுக்கப்பட்டு, இன்று ஏற்றுமதி, இறக்குமதித் தனிமைப்படுத்தல் வேலைகளுக்கே பெரும்பாலும் பயன்படுகிறது. வீட்டுச் சாமானுக்கு அது கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பாஸ்பீனுக்கு ஒரு குணம் உண்டு. செம்பு, பித்தளை, வெள்ளி, தங்கம் ஆகிய உலோகங்களை அது அரிக்கும். மின்கம்பி, செல்போன், கணினி ஆகியவற்றின் செம்பையும் விடாது. சீர்ச் சாமான் என்று வெள்ளியும் வெண்கலமும் பித்தளை அண்டாவும் அறை அறையாக அடுக்கிய வீடுகளில் இது சின்ன விஷயமா? கழற்ற முடியாத பித்தளைக் குமிழும் பூட்டும் உள்ள பெட்டகம், தங்கத் தகடு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியம், பழைய வானொலிப் பெட்டி ஆகியவற்றுக்கு இந்த வாயு வேண்டாம் என்று சொல்லுங்கள். அருங்காட்சியகங்களில் இத்தகையவற்றைக் காற்றுப் புகாத உறையில் வைத்து, நைட்ரஜனால் ஆக்சிஜனை வெளியேற்றி வாரக்கணக்கில் விடுவார்கள். நமக்கு அவ்வளவு வசதி கிடைக்காவிட்டால் ஓட்டை ஓட்டையாக ஊசி மருந்து ஏற்றி, மெழுகால் அடைப்பதே நல்லது. பொறுமையான தச்சர் ஒருவர் போதும்.

உயிர் விஷயத்தில் சுற்றி வளைக்கக் கூடாது. பாஸ்பீனுக்கு மாற்று மருந்து கிடையாது. பூண்டு வாடையோ கார்பைடு வாடையோ அடிக்கும். வாடை அடிக்காததால் வாயு இல்லை என்று நம்பவும் முடியாது. அலுமினியம் பாஸ்பைடை அரசு அமைப்புகளும், அங்கீகாரம் பெற்ற வல்லுநரின் மேற்பார்வையில் இயங்கும் பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே கையாள வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் அரிசிக்கு வண்டு மாத்திரை, எலி மாத்திரை என்று கைமாற்றாகக் கிடைக்கிறது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அரிசி மூட்டைக்குள், பத்தாயத்துக்குள், பெட்டகத்துக்குள் அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு மறு அறையில் படுக்காதீர்கள். பழைய வீட்டைக் காலிசெய்யும்போது அலமாரியில் அப்படி ஒரு குப்பி கிடைத்தால் திறக்காதீர்கள், தண்ணீரில் கொட்டாதீர்கள். ஈரம் படாமல் வெளித் திண்ணையில் வைத்துவிட்டு வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் என்றால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 108ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நஞ்சுத் தகவல் மையத்துக்குக் கட்டணமில்லா எண் 1800 116 117.

மற்றவற்றைச் சுருக்கமாக

கரப்பானுக்கு அடுப்படி இடுக்குகளில் பசை மருந்து போதும். வீட்டை விட்டு யாரும் வெளியேற வேண்டியதில்லை. மூட்டைப்பூச்சி விருந்தினர் விடுதிகளின் தலைவலி. அதற்கு ஒரே முறை அடித்துவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். முட்டை பொரிந்து வருவதைப் பிடிக்க இரண்டு வார இடைவெளியில் மறுபடி வர வேண்டும்; மெத்தையுறை, திரைச்சீலை எல்லாவற்றையும் கொதிநீரில் அலச வேண்டும். கயிற்றுக் கட்டிலை, வண்ணம் பூசாததாக இருந்தால், சித்திரை வெயிலில் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடிவைக்கலாம். எலிக்குப் பொறியும் சல்லடைக் கம்பியும். பெரிய வீடானால் இரத்தத்தை உறையவிடாமல் எலியைக் கொல்லும் மருந்து இரையைப் பெட்டிக்குள் வைக்கலாம். நாயும் பூனையும் தொடாத பெட்டியாக இருக்க வேண்டும்.

கணக்கேடு, பழைய புத்தகம், பனையோலைக் கொட்டான் போன்றவற்றில் புழு, இராமபாணம் இருந்தால் மருந்தே வேண்டாம். பாலித்தீன் உறையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டு ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் உறையிலேயே விடுங்கள். இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரம் தாளில் படிந்துவிடும். அரிசி, பருப்பு வண்டுக்கு வெயில், சலிப்பு, சிறிய அளவில் வாங்குவது. மாதத்துக்கு ஒருமுறை வருகிற வீட்டில் ஒரு மூட்டை அரிசி எதற்கு?

நிறுவனத்திடம் என்ன கேட்பது

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, வணிகமாகப் பூச்சிக் கட்டுப்பாடு செய்கிறவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். அதன் நகலை வாங்குங்கள். முகவரியையும் காலாவதித் தேதியையும் படியுங்கள். வாயு மூட்டம் என்றால் அதற்கென்று தனி அங்கீகாரமும், மைசூர் சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்) போன்ற நிறுவனத்தில் பயிற்சி பெற்ற வல்லுநரும் வேண்டும். அந்த வல்லுநர் வேலை நாளில் நேரில் இருப்பாரா என்பது முதல் கேள்வி. வாயு அளக்கும் கருவி கொண்டுவருவாரா என்பது இரண்டாவது. மூக்கால் முகர்ந்து பார்த்துத் திறந்துவிடலாம் என்கிறவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

எந்த மருந்து, எந்த அளவு, என்ன பூச்சிக்கு என்று விலைச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "கரையான் மருந்து, ஒரு தடவை" என்ற விலைச்சீட்டுக்கு மதிப்பில்லை. மருந்து டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லி அதில் அச்சிட்ட நச்சுக் குறியீட்டு முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை குறைந்தது. அலுமினியம் பாஸ்பைடின் டப்பாவில் சிவப்பு இருக்கும். உத்தரவாதம் தருகிறார்கள் என்றால், கரையான் மறுபடி வந்தால் மருந்து மட்டும் அடிப்பார்களா, கெட்டுப்போன மரத்தையும் மாற்றுவார்களா என்று கேளுங்கள். அநேகமாக மருந்து மட்டும்தான். வீட்டுக்கு வந்து பாராமல் போனிலேயே சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறவருக்கு உங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் இருப்பதே தெரியாது.

பங்காளிகளிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். இது மரியாதைக்காக மட்டும் அன்று. பொது வளவில் துளை போடும் செலவு யாருடையது, பூட்டிய அறைக்குள் ஓடும் மண்கோட்டை யார் திறந்து காட்டுவது என்பவை வேலையின் நடுவில் கிளம்பும் கேள்விகள். ஓர் அறையை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் மண்மருந்து வைத்தால், கரையான் விட்ட அறை வழியாகவே ஏறும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லாரும் கூடும் நாளுக்கு முன்பே படங்களை அனுப்பி, கூடிய நாளில் சாவிகளை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வேலையை மட்டும் விசேஷத்துக்குப் பிறகு வையுங்கள். மருந்து வாடையில் பந்தி போட முடியாது.

வேலை நாளும் அதன் பிறகும்

மருந்து தெளிக்கும் அறையிலிருந்து பாத்திரம், தண்ணீர்க் குடம், சாமி அறை நைவேத்தியச் சாமான், குழந்தைகள், கர்ப்பிணிகள், மூச்சுக்கோளாறு உள்ளவர்கள், வளர்ப்பு மீன், கிளிக்கூடு எல்லாம் வெளியேற வேண்டும். தெளித்த தரை காய்ந்து, காற்றோட்டம் கிடைத்தபின் உள்ளே போகலாம். எத்தனை மணி நேரம் என்பது மருந்துச் சீட்டில் இருக்கும். துளை போடும் நாளில் மின்கம்பி, தண்ணீர்க்குழாய் தரைக்கடியில் எங்கே போகிறது என்று தெரிந்த ஆள் ஒருவர் உடன் நிற்கட்டும். பழைய வீட்டில் அதற்கு வரைபடம் இருக்காது, ஊர் எலக்ட்ரீஷியனின் நினைவுதான் வரைபடம்.

வாயு மூட்டம் போட்ட கொட்டகையில் தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகை நாலு பக்கமும் வேண்டும். இரவில் காவல் வேண்டும். ஆடு மேய்ப்பவரும் பந்து தேடி வரும் பிள்ளைகளும் ஆங்கிலப் பலகையை நின்று படிக்க மாட்டார்கள். திறக்கும் நாளில் வல்லுநர் முதலில் போய், காற்றாட விட்டு, கருவியில் பாஸ்பீன் 0.3 பிபிஎம்முக்குக் (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.3 பங்கு) கீழே இறங்கியதைக் காட்டிய பிறகே நீங்கள் கிட்டே போக வேண்டும். மாத்திரை வாயுவை விட்டபின் மிஞ்சும் சாம்பலை அவரே எடுத்துப் போகட்டும். குப்பையில் போட விடாதீர்கள், அதில் இன்னும் வாயு விடக்கூடிய மிச்சம் இருக்கும். மெத்தை, தலையணை, துணி எதுவும் அந்த விரிப்புக்குள் போயிருக்கக் கூடாது.

பொருள்களை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவருமுன், அவை இருந்த மூலையில் கெட்ட பலகை எதுவும் மிஞ்சவில்லை என்று பாருங்கள். கட்டிலின் பாலிஷ் போடாத அடிப்பக்கத்துக்கு மட்டும் போரேட் பூசி, கால்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறுப்புத் தாளை மறுபடி விரியுங்கள்.

மண்மருந்து வைத்த வீட்டில், துளை போட்ட இடங்களை ஒரு தாளில் வரைந்து, மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதி, ரசீதோடு வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைத்து, படம் எடுத்துப் பங்காளிகள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். பின்னால் யாராவது அதே இடத்தில் தரையைத் தோண்டிக் குழாய் போட்டால் மருந்துத் தடுப்பு அங்கே அறுந்துவிடும். அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி மருந்து வைக்க அந்தத் தாள் வேண்டும்.